சூளைக்காரனின் பன்னிரண்டு ஆட்டப்பருவங்கள்

வின்னிட்சா, 9 பிப்ரவரி 1998

அன்புள்ள அத்தானுக்கு,

ஓரெஸ்த் பணிவுடன் எழுதுவது. நானும் எமிலியாவும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? மெலானியா அக்காவின் கல்லறைச் சிலுவைக்கு வசந்தத்தில் வண்ணம் பூச ஆள் அனுப்புகிறேன், நீங்கள் ஏணி ஏற வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. நம் ஆலையில் பிறந்த ரஃபினாத் கூடைப்பந்துக் கழகத்துக்கு வருகிற நவம்பரோடு முப்பது வயது நிறைகிறது. கழகத்தின் வரலாற்றை நூலாக எழுதும் பொறுப்பைக் கௌரவத் தலைவர் ஹ்லிப் மக்ஸிமோவிச் தெரேஹ் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஆலையின் பணியாளர் அலுவலகத்தையும் கழகத்தின் காகிதங்களையும் நானே பார்த்துக்கொண்டதால் இந்தத் தேர்வு. ஆனால் விளையாட்டு அரங்கின் கூரை ஒழுகி, ஆட்டக் குறிப்பேடுகள் கூழாகிவிட்டன. ஆலையின் ஊழியர் பட்டியல்கள் மட்டும் தப்பின.

எந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி என்று சொல்லக்கூடியவர் புர்திவ்காவில் இப்போது நீங்கள் ஒருவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதது உங்கள் விஷயத்தில் ஒரு குறையே அல்ல. உங்களுக்குக் காது சரியாகக் கேட்காததால் தொலைபேசி சரிப்படாது. யாரையாவது வைத்து எழுதி அனுப்புங்கள். கழகத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை போதும்.

உங்கள் உடல்நலம் வேண்டும்,
ஓரெஸ்த் லொஸோவி

•

புர்திவ்கா, 26 பிப்ரவரி 1998

மச்சினன் ஓரெஸ்துக்குப் புரோகிப் ஹைதூக் சொல்லி எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். இருமலும் இருக்கிறது. அது என்னை விட்டு எங்கே போகும்? சுண்ணாம்புச் சூளையில் இருபத்தெட்டு வருஷம் நான் பாலூட்டி வளர்த்த பிள்ளை அது. எமிலியாவின் முழங்கால் எப்படி?

எழுதுவது எங்கள் தெருத் தபால்காரி. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் வேலிக்கம்பு நட்ட மாதிரிதான்.

உன் கழகத்தின் பிறப்பைச் சொல்கிறேன், எழுதிக்கொள். 1968. நம் ஆலை இயக்குநர் கியெவுக்குப் போனார். சர்க்கரை மந்திரி கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக் கைதட்டுவதைப் பார்த்தார். திரும்பி வந்த மறுநாளே கோணி தூக்குகிறவர்களில் உயரமாக இருந்த ஒன்பது பேரைக் கூப்பிட்டு, "இன்னையிலேர்ந்து நீங்க கூடைப்பந்துக்காரங்க" என்றார். மந்திரி சேவல் சண்டை பார்த்திருந்தால் ஒன்பது பேரும் கொக்கரித்திருப்பார்கள். முதல் ஆட்டம், டிசம்பர் எட்டு. 94க்கு 31. அந்த 31இல் நாலு புள்ளி எதிரணிக்காரன் தவறிப் போய்ப் போட்டது.

அடுத்த வருஷம் ஊர் ஊராகப் போய் நெட்டையர்களை வாங்கி வந்தீர்கள். கூலிக்கு ஆடக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதனால் அவர்களைத் தொழிலாளிகள் என்று பட்டியலில் எழுதினீர்கள். உன் தெரேஹும் ஷ்பாக்கும் காகிதத்தில் என் சூளைக்காரர்கள். தெரேஹ் ஒரே ஒரு தடவை சூளைப் பக்கம் வந்தான், நனைந்த காலணியைக் காயவைக்க. "நெருப்பை எந்தப் பக்கமா உள்ள போடுவீங்க, மாமா?" என்று கேட்டான். கழற்றிக் கீழே வைத்த காலணி அப்படியே உருகி ஒட்டிப்போயிற்று. வெறுங்காலோடு பனியில் போனான், இரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர் சூளைக்காரன்.

நல்லதாக நாலு வார்த்தை கேட்டாய். தேடிப் பார்த்தேன். அரங்கு கதகதப்பாக இருந்தது. அதுவும் பக்கத்தில் என் சூளை இருந்ததால்.

எமிலியாவுக்கு என் கும்பிடு. கீழே பெயரை நானே வரைந்திருக்கிறேன்.
ஹைதூக்

•

வின்னிட்சா, 15 மார்ச் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எமிலியாவின் முழங்காலுக்கு மருத்துவர் களிம்பு கொடுத்திருக்கிறார். இருமலுக்குத் தேனில் முள்ளங்கிச் சாறு கலந்து குடியுங்கள், அக்கா செய்து தருவாளே, அதே பக்குவம்.

உங்கள் நினைவாற்றலுக்குத் தலைவணங்குகிறேன். நகைச்சுவையைத்தான் நூலில் சேர்க்க இயலாது. "ஆலைத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட்டை நேசித்தார்கள்" என்று பொதுவாக எழுதியிருக்கிறேன்.

அடுத்து, 1992 முதல் கழகம் தொழில்முறைக் கழகமான காலம் பற்றி எழுதி அனுப்புங்கள். அந்த ஆண்டுகளில் நான் ஊரில் இல்லை. 1974 பற்றிச் சிரமப்பட வேண்டாம். ல்விவ் வெற்றியை நானே எழுதி முடித்துவிட்டேன்.

உங்கள் தபால்காரியின் கையெழுத்து அருமை. என் அலுவலகத்தில் இருந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பாள்.

என்றும் உங்கள்,
ஓரெஸ்த்

•

புர்திவ்கா, 4 ஏப்ரல் 1998

மச்சினனுக்கு,

முள்ளங்கிச் சாறு குடித்தேன். இருமல் அதற்கும் பழகிக்கொண்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

தொழில்முறைக் காலம் கேட்டாய். 1992இல் ராஸ்பெர்ரி நிறக் கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்தான். வங்கிக்காரனாம். கழகத்துக்கு ரஃபினாத்-பேங்க் என்று பெயர் வைத்தான். பதினாலு மாசத்தில் வங்கி ஓடிப்போயிற்று, கோட்டும் கூடவே போயிற்று. அடுத்து வந்தவன் பன்றித் தீவனக்காரன். அவன் போனபின் நம் ஆலையே கழகத்தை மறுபடி தலையில் வைத்துக்கொண்டது. ஆலை எங்களுக்குச் சம்பளமாகக் கொடுத்த அதே சர்க்கரை மூட்டையைத்தான் வீரர்களுக்கும் கொடுத்தது.

அமெரிக்காவிலிருந்து கர்டிஸ் என்று ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பிள்ளை. நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு ஒனிசிம் பக்கத்திலேயே குந்திக்கொண்டு மூட்டையைப் பிரித்து விற்பான். நம் பேச்சில் மூன்று வார்த்தை கற்றான். "இனிப்பு, மலிவு, சத்தியமா." ஒனிசிம் கேட்டான், "தம்பி, உங்க ஊர்லயும் இப்படித்தான் சம்பளமா?" பையன், "சத்தியமா" என்றான். ஜனவரியில் ரயில் ஏறிவிட்டான். முப்பது வருஷத்தில் எனக்குக் கைகொடுத்துப் பேசிய ஒரே கூடைப்பந்துக்காரன் அவன்தான். அவன் மொழி எனக்குத் தெரியாது, என் காது அவனுக்கு உதவாது. ஆனாலும் பேசினோம்.

1996இல் குளவிகள் என்று இன்னொரு பெயர். தைத்த குளவிப் பொம்மையைப் பார்த்தேன். வேகவைத்த பீட்கிழங்குக்குச் சிறகு ஒட்டினாற்போல இருந்தது. போன பருவத்தில் மூன்று வெற்றி, இருபத்தைந்து தோல்வி. இதையும் நேசம் என்றே எழுதிக்கொள்.

1974 வேண்டாம் என்றாய். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நவம்பர் பதினேழு, ஞாயிறு, காலை ஷிஃப்டு. அரவை உச்சத்தில் இருந்தது. சாறு தெளியச் சுண்ணாம்பு போதவில்லை என்று மேலிருந்து திட்டு. சூளையில் மேலே ஒருத்தன், ஏணியில் ஒருத்தன், கீழே ஒருத்தன், அதுதான் விதி. மேலே விஷவாயு அடித்தால் ஏணியில் நிற்பவன் கயிற்றை இழுத்து இறக்க வேண்டும். உன் காகிதப்படி அன்று தெரேஹும் ஷ்பாக்கும் சூளையில்தான் இருந்தார்கள். நிஜத்தில் இருந்தது திமிஷ் குலிக்கும் நானும் மட்டும். ஏணியில் நிற்க வேண்டியவன் ல்விவில் பந்து தட்டிக்கொண்டிருந்தான். 71க்கு 70. அந்த ஒரு புள்ளியை ஊரே கொண்டாடியது.

திமிஷ் சுண்ணாம்புக் கல்லும் எரிக்கிற கல்கரியும் கொட்ட மேலே போனான். போனால் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். அப்போது எனக்குக் காது கேட்கும். சுண்ணாம்பு வாரிக்கொண்டிருந்தேன், சீட்டி நின்றது. மூச்சு வாங்குகிறான் போலும் என்று இன்னும் நாலு வாரு வாரினேன். அந்த நாலு வாரு இன்னும் என் தோளில் இருக்கிறது. அப்புறம்தான் ஏறிப்போய் இறக்கினேன்.

குடித்துவிட்டு ஏறினான் என்று எழுதிவிட்டார்கள். திமிஷ் அன்று குடித்தது பால், மச்சினா. சூளைக்காரனுக்கு ஆலை கொடுக்கிற அரை லிட்டர் பால். அவனை மடியில் போட்டிருந்தேன், வாயில் பால் மணந்தது. அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். அன்று முதல் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குடிகாரன் மகள் என்று பெயர்.

உன் புத்தகத்தில் ஒரே ஒரு வரி கேட்கிறேன். "ல்விவில் ஜெயித்த நாளில் சூளையில் திமிஷ் குலிக் இறந்தான், அவன் குடித்திருக்கவில்லை." அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை மூடிவிட்டுப் போய்விட்டாள். இந்த வரி மறுநாள் எழுதியது. எமிலியாவுக்குக் கும்பிடு.
ஹைதூக்

•

வின்னிட்சா, 19 ஜூன் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். களிம்பு எமிலியாவுக்குப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து ஆப்ரிகாட் இந்த முறை கிளை முறியக் காய்த்திருக்கிறது, ஒரு பெட்டி அனுப்புகிறேன். வெயிலில் தொப்பியில்லாமல் போகாதீர்கள்.

அமெரிக்க வீரர் பற்றிய பகுதி மிகவும் பயன்பட்டது. "பன்னாட்டு நட்பு" என்ற தலைப்பில் சேர்த்துவிட்டேன். இது விளையாட்டு நூல் என்பதால் விளையாட்டு மட்டுமே இடம்பெறும். ஹ்லிப் மக்ஸிமோவிச் தெரேஹ் இதய நோயாளி. அவருக்கு மனவருத்தம் தரக்கூடிய எதையும் கிளறாதிருப்பது நம் எல்லோருக்கும் நல்லது.

என் கடிதங்களை அந்தத் தபால்காரி முழுவதுமாக வாசித்துக் காட்டுகிறாளா, அல்லது சாரத்தை மட்டும் சொல்கிறாளா?

அன்புடன்,
ஓரெஸ்த்

•

புர்திவ்கா, 11 ஜூலை 1998

மச்சினனுக்கு,

ஆப்ரிகாட் வந்தது. பாதி நசுங்கியிருந்தது, ஜாம் காய்ச்சியாயிற்று. எமிலியாவுக்கு முழங்கால் தேறியதில் சந்தோஷம். தபால்காரி முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்துக் காட்டுகிறாள். நீ எழுதாமல் விட்டதைத்தான் அவளால் வாசிக்க முடியவில்லை.

இதைக் கேள். போன செவ்வாய் கழகத்திலிருந்து எனக்கு ஒரு பொட்டலம். உள்ளே தங்க எழுத்து அழைப்பிதழ். அவள் வாசித்தாள். "பெருமதிப்புக்குரிய மூத்த வீரர் புரோகிப் ஹைதூக் அவர்களுக்கு. 1970 முதல் 1982 வரை பன்னிரண்டு ஆட்டப்பருவங்கள் நம் கழகத்துக்காக ஆடியவரும், உயிரோடிருப்பவர்களில் மிக மூத்தவருமான தாங்கள், நவம்பர் 22 விழாவில் முதல் பந்தை வீசி, பத்து நிமிடம் உரையாற்ற வேண்டுகிறோம்." ஆலையின் ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்த விவரமாம்.

"நல்லாப் பாரும்மா, வேற ஹைதூக்கா இருக்கும்" என்றேன். "இந்த ஊர்ல வேற ஹைதூக் யாரு தாத்தா?" என்றாள்.

கூடவே ஒரு சட்டை. முதுகில் என் பெயராம். போட்டுப் பார்த்தேன். என் உயரம் ஒரு மீட்டர் அறுபத்தொன்று, சட்டை முழங்காலைத் தாண்டிற்று. வாசலில் நின்ற ஒனிசிம் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன வீரரே, அந்த வாத்துக் கூண்டுல ஒரு கூடை போட்டுக் காட்டுங்க. என் பொண்டாட்டி நைட்டியை எப்பக் கழட்டித் தருவீங்க?"

நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வரை சிரித்தேன். உன் கழகம் முப்பது வருஷமாகக் கழுதையைக் குதிரை என்று விற்ற கழகம், அதனால் இதிலும் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதை யார் எழுதினது, எப்போது எழுதினது? பட்டியல் எழுதியவன் நீதானே? சொல்.

இருவரும் நலமாயிருங்கள்.
ஹைதூக்

•

வின்னிட்சா, 16 ஜூலை 1998

அத்தானுக்கு,

வணக்கம். நலம்தானே?

அது வெறும் தட்டச்சுப் பிழை. கழக அலுவலகத்தில் புதிதாக வந்தவர்கள் வரிசை மாற்றி நகல் எடுத்துவிட்டார்கள். அழைப்பிதழை யாரிடமும் காட்டாதீர்கள், உங்களைத்தான் கேலி செய்வார்கள்.

ஓய்வு பெற்றபோது உங்களிடம் தந்த, உங்கள் பணி விவரமெல்லாம் பதிந்த வேலைப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது? அதை உடனே பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் சரிபார்த்து வைத்துக்கொள்கிறேன். உறையை ஒட்டி அனுப்புங்கள். யாரிடமும் பிரித்து வாசிக்கக் கொடுக்க வேண்டாம்.

அவசரத்தில்,
ஓரெஸ்த்

•

புர்திவ்கா, 5 ஆகஸ்ட் 1998

ஓரெஸ்த்,

நலம் விசாரிக்கிறேன், வழக்கத்தை விடக் கூடாது என்பதற்காக.

ஏப்ரலில் கேட்டதற்கு ஜூனில் பதில் போட்டவன், ஜூலையில் ஐந்தே நாளில் போட்டாய். அதிலேயே எனக்குப் பாதி புரிந்தது. பெட்டியைத் திறந்தேன். மெலானியாவின் பூப்போட்ட தலைத்துணிக்கு அடியில் புத்தகம் இருந்தது. எட்டு வருஷமாக யாரும் பிரிக்காதது. தபால்காரியிடம் நீட்டி, "வாசி" என்றேன்.

1962, சூளைக்காரர். 1970 மார்ச் 2, விளையாட்டுப் பயிற்றுநர், கூடைப்பந்து. 1982, மறுபடி சூளைக்காரர். எல்லாவற்றுக்கும் கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் நான் வரைந்த என் பெயர்.

"மறுபடி வாசிம்மா."

"மூணு தடவை வாசிச்சிட்டேன் தாத்தா. மாறல."

சூளையில் என் இடத்தில் நெட்டையனை எழுதிவிட்டு, நெட்டையனுக்கு இருந்த இடத்தில் என்னை எழுதியிருக்கிறாய். தெரேஹ் என் நெருப்பைத் தின்றான், நான் அவன் பந்தை ஆடினேன். ஐம்பதில் ஓய்வு கிடைக்க வேண்டிய சூளைக்காரன் அறுபது வரை வாரினேன். ஓய்வூதிய அலுவலகப் பெண், "நீங்க விளையாட்டு வீரர்தானே தாத்தா" என்றபோது, கிழவனைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன். அது போகட்டும். அதற்காக நான் இந்தக் கடிதம் எழுதச் சொல்லவில்லை.

விசாரணைக் குழுவின் முன் நடந்ததற்காகச் சொல்கிறேன். திமிஷைப் புதைத்த நாலாம் நாள். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நீ மேசை ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாய். "ஏணியில யாரும் இல்லீங்க, நாங்க ரெண்டே பேரு, அவன் குடிக்கலைங்க, நான்தான் இறக்கினேன்" என்றேன். தலைவர் ஒரு காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோழர் ஹைதூக், பதினேழாம் தேதி நீங்க ல்விவ்ல இருந்தீங்க. எத்தனை கூடை போட்டீங்க?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. என் உயரத்தைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள். நீ தலையைத் தூக்கவே இல்லை.

அவர் கையில் இருந்தது நீ எழுதிய காகிதம். நான் அங்கே இல்லவே இல்லை என்று ஆக்கினது நீ. இருந்த ஒரே சாட்சி நான். இல்லாத இரண்டு நெட்டையர்கள் சாட்சி சொன்னார்கள், சாராய நாற்றம் அடித்தது என்று. ல்விவிலிருந்தே மோந்து பார்த்தார்களாக்கும்!

இருபத்து நாலு வருஷமாக, அன்று நான் இன்னும் நன்றாகப் பேசியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயரை வரையக் கற்றுக்கொடுத்தவன் நீ. கல்யாணத்துக்கு முந்தின வாரம், பலகையும் கரியும் கொண்டுவந்தாய். "இது போதும் அத்தான்" என்றாய். போதும்தான், உனக்கு. அதற்கப்புறம் நீ நீட்டின எல்லாவற்றிலும் வரைந்தேன்.

இப்போது நான் கேட்பது இதுதான். உன் கையால் எழுது. அன்று சூளையில் யார் இருந்தார்கள், யார் இல்லை, திமிஷ் குடித்திருந்தானா இல்லையா. எழுதிக் கையெழுத்துப் போட்டு, நவம்பர் 22க்கு முன் அனுப்பு.

எமிலியாவுக்குக் கும்பிடு. அவளுக்கு மட்டும்.
ஹைதூக்

•

புர்திவ்கா, 20 செப்டம்பர் 1998

ஓரெஸ்த்,

நாற்பத்தாறு நாள். நலமா என்று கேட்கக்கூடத் தெரியவில்லை.

அரவை தொடங்கிவிட்டது. பீட்கிழங்கு வண்டிகள் தெருவைச் சேறாக்குகின்றன. சிலுவைக்கு வண்ணம் பூச நீ அனுப்புவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, நானே ஏணி போட்டு ஏறிப் பூசினேன். தபால்காரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருத்தன் மேலே போனால் ஒருத்தர் ஏணியில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கழகக்காரர்களுக்கு விழாவுக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது என்பது உன் தபாலைப் பொறுத்தது.
ஹைதூக்

•

வின்னிட்சா, 12 அக்டோபர் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். எனக்கு ஒரு மாதமாக உறக்கம் சரியில்லை.

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் பெண்மணிக்கு ஒரு வேண்டுகோள். தாழ்ந்த குரலில் ஒரே முறை வாசித்துவிட்டு, உடனே அடுப்பில் போட்டுவிடவும்.

நீங்கள் சொல்வது சரி. பட்டியலை மாற்றியவன் நான். கூலிக்கு ஆட ஆள் வைத்திருக்கிறோம் என்று வெளியே தெரிந்தால் கழகம் கலைக்கப்படும், இயக்குநர் பதவி போகும், அவரோடு நானும் போவேன். பயிற்றுநர் பதவியில் நெட்டையர்களைக் காட்டினால் ஆய்வாளர்கள் சந்தேகப்படுவார்கள். சூளைப் பட்டியலில் அவர்கள் பெயரையும் பயிற்றுநர் இடத்தில் உங்கள் பெயரையும் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை அணி ல்விவிலிருந்து வந்ததும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மூன்று பேர் இருந்தும் ஒருவர் தனியாக மேலே போனதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றார். நான்தான் குடி என்று எழுதினேன். காரணத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்ப வேண்டியிருந்தது. ஆலை உணவகத்தில் தெரேஹும் ஷ்பாக்கும் போர்ஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை நீட்டினேன். தெரேஹ் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான், "எந்தக் குலிக்?" என்று கேட்டார். சூப்பு ஆறிவிடும் என்று ஷ்பாக் அதுகூடக் கேட்கவில்லை.

திமிஷ் குலிக் குடித்திருக்கவில்லை. எனக்கு அன்றே தெரியும்.

ஆனால் அத்தான், அந்த ஒரு பொய் இல்லையென்றால் கழகம் 1974இலேயே செத்திருக்கும். முப்பது வருஷம் ஊரே கூடிக் கைதட்டியதை எண்ணிப் பாருங்கள். போனவர் போய்விட்டார். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். உங்களால் வாசிக்க முடியாது, யாரிடமும் எடுத்துக் காட்டவும் மாட்டீர்கள் என்பதால்தான் எழுதவே துணிந்தேன். இத்தோடு உங்கள் மனம் ஆறட்டும். விழாவில் பந்தை வீசிவிட்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.

ஓரெஸ்த் லொஸோவி
முன்னாள் தலைவர், பணியாளர் அலுவலகம், புர்திவ்கா சர்க்கரை ஆலை

•

புர்திவ்கா, 2 நவம்பர் 1998

மச்சினன் ஓரெஸ்துக்கு,

உறக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அக்டோபர் முடிய நன்றாக வந்தது. இருமல்கூட ஒரு வாரம் ஒதுங்கி நின்றது. எமிலியா சுகமாக இருக்கட்டும்.

நீ கேட்டுக்கொண்டபடியே தாழ்ந்த குரலில் வாசித்தாள். என் நல்ல காதோரம் குனிந்து வாசித்தாள். "எந்தக் குலிக்" என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்து, அந்த வரியிலிருந்தே மறுபடி தொடங்கிக் கடைசி வரைக்கும் வாசித்தாள். உன் பதவிப் பெயரைக்கூட விடவில்லை. பழக்கதோஷம் பார், களவுக்கும் பதவிப் பெயர் போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாய்.

"அடுப்புல போடச் சொல்லியிருக்காரு" என்றேன்.

"அடுப்பு எரியுதா தாத்தா?"

"எரியுது."

"எரியட்டும்" என்று மடித்துத் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மாதமாகக் கடிதம் போடுகிறாய். கையெழுத்து அருமை என்றாய், முழுசாக வாசிக்கிறாளா என்று கேட்டாய், அடுப்பில் போடு என்று வேலை ஏவினாய். பெயர் என்ன என்று ஒரு தடவை கேட்டாயா? பணியாளர் அலுவலகத்தில் ஆயுசைக் கழித்தவன் நீ. ஊர் முழுக்கப் பெயர் எழுதினாய், அதில் ஓர் ஆளைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

கழகம் செத்திருக்கும் என்கிறாய். செத்திருக்கட்டும். தவறிப் போய்ப் போட்ட நாலு புள்ளியில் தொடங்கி, மூட்டை சர்க்கரைக்கு விலைபோன கழகத்துக்கு என் திமிஷைக் கொடுத்திருக்கிறாய். ஊரே கைதட்டியதாம். அந்தக் கைதட்டலில் ஒரு நாள்கூட என் கை இல்லை. என் கையில் கல்கரி இருந்தது.

22ஆம் தேதி வருகிறேன். பந்தையும் வீசுவேன், கூடை வரைக்கும் எட்டாது, பரவாயில்லை. பன்னிரண்டு பருவம் ஆடினவன், ஒரு தடவையாவது பந்தைத் தொட்டுப் பார்க்கிறேன். மூத்த வீரருக்குப் பேசப் பத்து நிமிடம் உண்டு. எழுத்து வாசனை இல்லாதவன், என் உரையை வாசிக்க ஒருத்தியை அழைத்து வருகிறேன் என்று கழகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். தாராளமாக என்றார்கள். அவள் வாசிக்கப்போவது நீ எழுதினதுதான். இந்த முறை தாழ்ந்த குரலில் இல்லை. திமிஷின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் என்னைப் போலவே காது மந்தம்.

நீயும் முன்வரிசையில் உட்கார், தெரேஹுக்குப் பக்கத்தில். "எந்தக் குலிக்?" என்று அவன் மறுபடி கேட்டால் கைகாட்ட மேடையில் ஆள் நிற்கும்.

இதை எழுதி முடித்ததும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கீழே என் பெயரை வரைகிறேன். எதற்குக் கீழே வரைகிறேன் என்று தெரிந்து வரைவது இதுதான் முதல் தடவை.
ஹைதூக்

பின்குறிப்பு: மேலே உள்ளதையும் பிப்ரவரி முதல் வந்த எல்லாவற்றையும் எழுதியவள் வர்வரா திமிஷிவ்னா குலிக், தபால்காரி, புர்திவ்கா. இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வருகிறது. பெற்றுக்கொண்டதற்கு, தெளிவாகத் தெரியும்படி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்.